பிரேக் குழாய்: இறப்பரா, உருக்கா?

ஜேர்மனியில் இருக்கும் என் பெறாமகன் ஒரு பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 கார் வாங்கினான். இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, கூரையைத் திறந்து மடிக்கக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். 1990களின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. வாங்கிய சில கிழமைகளிலேயே வாட்ஸ்அப்பில் கேட்டான்: "சித்தப்பா, இதைக் கொண்டு நூர்பேர்க்ரிங்கில ஒருக்கா ஓடப்போறன். ஸ்டீல் பிரேக் ஹோஸ் போடட்டோ? போட்டால் பிரேக் இறுக்கிப் பிடிக்குமெண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுறாங்கள்."

அடுத்த நாள் கிளிநொச்சியிலிருந்து அவனுடைய தாய் அழைத்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர். "அவன் ஏதோ கார் ஓட்டத்துக்குப் போறானாம். பிரேக்கைக் கழட்டி மாத்தப்போறானாம். ஆபத்தில்லையோ தம்பி?"

வாகனத் திருத்த வேலையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மகன் கேட்டது பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்று. தாய் கேட்டது பிள்ளை திரும்பி வருவானா என்று. பிரேக் குழாயைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

ஓர் அடி நீளத்தில் ஓர் உயிர்

பிரேக் பெடலை மிதிக்கும்போது கால் தரும் விசை, மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஒயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய்களின் வழியே சில்லுகளுக்குச் சென்று, கலிப்பரில் உள்ள பிஸ்ரனைத் தள்ளுகிறது. பிஸ்ரன், பிரேக் பாட்டை டிஸ்க் மீது இறுக்குகிறது. காரின் உடலோடு ஓடும் குழாய்கள் கெட்டியான உலோகக் குழாய்கள். ஆனால் சில்லு மேலும் கீழும் ஆடுகிறது; முன்சில்லு இடமும் வலமும் திரும்புகிறது. கெட்டிக் குழாய் அந்த இடத்தில் முறிந்துவிடும். அதனால் ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் ஏறத்தாழ ஓர் அடி நீளத்துக்கு வளையும் குழாய் ஒன்று பொருத்தப்படுகிறது. இறப்பரா, உருக்கா என்ற கேள்வி இந்தச் சிறு துண்டைப் பற்றியதுதான்.

இறப்பர் என்றதும் எங்களுக்குக் களுத்துறையும் கேகாலையும் நினைவுக்கு வரும். இன்றைய பிரேக் குழாயில் இருப்பது அந்த மரத்துப் பால் அல்ல. பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பர்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. உள்ளே ஓர் இறப்பர்க் குழாய், அதைச் சுற்றி நூலிழைப் பின்னல், வெளியே மீண்டும் ஓர் இறப்பர் உறை. இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன.

"ஸ்டீல் ஹோஸ்" என்பது பெயர் சொல்வதுபோல முழு உருக்கு அல்ல. அதன் உட்குழாய் டெஃப்லோன். 1938இல் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் ரோய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த அதே பொருள். எங்கள் குசினியில் ஒட்டாத தாச்சிக்குப் பூசப்படுவது. அந்த மெல்லிய குழாயைச் சுற்றி, கறள் பிடிக்காத உருக்குக் கம்பிகளைக் கூந்தல்போல் நெருக்கமாகப் பின்னியிருப்பார்கள். நல்ல தயாரிப்புகளில் அதற்கும் மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கும். டெஃப்லோன் ஒயிலைத் தாங்குகிறது. உருக்குப் பின்னல் அழுத்தத்தைத் தாங்குகிறது.

மென்மை எங்கிருந்து வருகிறது?

உருக்குப் பின்னல் குழாயின் பெரிய நன்மை, அது அழுத்தத்தில் மிகக் குறைவாகவே விரிவது. இறப்பர்க் குழாய் சற்று ஊதும். ஊதும் அளவுக்கு ஒயில் அங்கே தங்கிவிடும். அதை ஈடுசெய்ய பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும்.

எவ்வளவு கூடுதலாக? அமெரிக்காவின் 106ஆம் இலக்கப் பாதுகாப்புத் தரம் இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தல் அழுத்தத்தில், சிறிய விட்டமுள்ள "குறை விரிவு" வகைக் குழாய் அடிக்கு 0.33 கன சென்ரிமீற்றருக்கு மேல் விரியக்கூடாது. சாதாரண வகைக்கு எல்லை 0.66.

நான்கு சில்லுக்கும் ஓர் அடி வீதம் குறை விரிவு வகைக் குழாய்கள், அவை எல்லை வரை விரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.32 கன சென்ரிமீற்றர். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீற்றர் என்றால் அதன் பிஸ்ரன் மூன்றரை மில்லிமீற்றர் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், காலடியில் அது 14 மில்லிமீற்றர். சாதாரண வகை என்றால் 28 மில்லிமீற்றர். இவை தரம் அனுமதிக்கும் உச்சம். நல்ல புதிய இறப்பர்க் குழாய் இதைவிடக் குறைவாகவே விரியும்.

ஆகவே உருக்குக் குழாய் மாற்றியவர்கள் "பெடல் இறுகிவிட்டது" என்று சொல்வது கற்பனை அல்ல. விளிம்பில் வைத்து ஓட்டுபவருக்கு அந்தச் சில மில்லிமீற்றர் முக்கியம். சில்லு எந்தக் கணத்தில் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதைக் கால் உணர வேண்டும். அவனுடைய கார் போன்ற, ஏ.பி.எஸ். இல்லாத பழைய கார்களில் அந்த உணர்வே ஓட்டுநரின் ஒரே வழிகாட்டி.

ஆனால் கார் குறைந்த தூரத்தில் நிற்குமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது ரயர் தரையைப் பிடிக்கும் பிடிதான். நல்ல உலர்ந்த தாரில், நல்ல ரயரோடு, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்த பின் நிற்க ஏறத்தாழ 39 மீற்றர் வேண்டும். இருக்கும் பிரேக்காலேயே சில்லைப் பூட்ட முடிகிறது என்றால், குழாயை மாற்றி அந்தத் தூரத்தைச் சொல்லும்படியாகக் குறைக்க முடியாது. தேய்ந்த ரயரோடு உருக்குக் குழாய் பூட்டுவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே புதுக் கதவு போடுவது போன்றது.

இன்னொரு மயக்கமும் உண்டு. உருக்குக் குழாய் பூட்டும் நாளில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன: வயதான இறப்பர்க் குழாய் போகிறது, பழைய பிரேக் ஒயில் போகிறது, குழாய்களில் சிக்கியிருந்த காற்றும் வெளியேற்றப்படுகிறது. பெடல் இறுகுவதில் மூன்றுக்கும் பங்கிருக்கிறது. பாராட்டு முழுவதும் பளபளக்கும் உருக்குக்குப் போய்விடுகிறது. முப்பது வயது இறப்பரோடு புதிய உருக்கை ஒப்பிட்டால் யார் வெல்வார் என்பது தெரிந்ததே. ஒப்பிட வேண்டியது புதிய இறப்பரோடு.

பந்தயப் பாதையின் உண்மையான எதிரி

அவன் போக விரும்பிய நூர்பேர்க்ரிங்கின் வடக்கு வளையம் 20.8 கிலோமீற்றர் நீளமானது. மலைக்காட்டின் ஊடாக ஏறி இறங்கும் பாதை. பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நாட்களில் பணம் கட்டி எவரும் தம் காரோடு உள்ளே போகலாம். நீண்ட இறக்கங்களில் வேகம் எடுத்து, திருப்பத்துக்கு முன் கடுமையாகப் பிரேக் பிடித்து, மீண்டும் வேகம் எடுக்க வேண்டும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீற்றரில் இருந்து முற்றாக நிற்கும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ 11 இலட்சம் யூல். கிணற்றில் அள்ளிய தண்ணீர் மூன்றரை லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அதில் பெரும் பகுதி டிஸ்க், பாட், கலிப்பர் ஆகியவற்றில் சேர்கிறது. அங்கிருந்து பிரேக் ஒயிலுக்குப் போகிறது.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 பாகை இருந்தாலே தரத்துக்குப் போதும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. குழாய் உருக்காக இருந்தாலும் தங்கமாக இருந்தாலும் அப்போது எந்தப் பயனும் இல்லை.

அதனால் நான் அவனுக்கு எழுதிய வரிசை இது: முதலில் ரயர். அடுத்தது புதிய பிரேக் ஒயில். அடுத்தது வெப்பம் தாங்கும் பாட். குழாய் நான்காவது.

இரண்டும் எப்படிச் சாகின்றன?

தாயின் கேள்விக்குப் பதில் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இறப்பர்க் குழாய் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். வெளியுறையில் வெடிப்பு விழும். சில இடங்களில் பருத்துப் புடைக்கும். தொட்டால் ஈரம் கசியும். கண் உள்ளவர் பார்க்கலாம். ஆனால் மறைவான நோய் ஒன்றும் உண்டு. உட்சுவர் உரிந்து, கதவுபோல் மடிந்து வழியை மறிக்கும். மிதிக்கும்போது வலுவான அழுத்தம் உள்ளே போய்விடும். காலை எடுத்த பின் ஒயில் திரும்பி வராது. ஒரு பக்கச் சில்லு பிரேக் விடாமல் இழுபடும், சூடாகும், கார் ஒரு பக்கம் இழுக்கும். பலர் கலிப்பர் பழுது என்று நினைத்துக் கலிப்பரை மாற்றிவிட்டு, அதே குழாயை மீண்டும் பூட்டுகிறார்கள்.

உருக்குக் குழாய் வெயிலுக்கும் காலத்துக்கும் இறப்பரைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும். கல் தெறித்தாலும் எளிதில் காயப்படாது. ஆனால் அதன் நோய் பின்னலுக்குள்ளே ஒளிந்திருக்கும். டெஃப்லோன் ஒருமுறை மடிந்து நெரிந்தால் பழைய நிலைக்கு வராது. மணலும் தூசியும் பின்னலுக்குள் புகுந்தால், ஒவ்வொரு அசைவிலும் அரத்தாள்போல் உட்குழாயைத் தேய்க்கும். உலோக மூட்டில் இருந்து குழாய் வெளிவரும் இடத்தில் மீண்டும் மீண்டும் வளைந்தால் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். இறப்பரைப்போல் புடைத்துக் காட்டாது. நேற்று நன்றாக இருந்தது இன்று திடீரென்று போகலாம்.

அமெரிக்கத் தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அழுத்தம் ஏற்றிய குழாயின் ஒரு முனையை நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் 35 மணிநேரம் சுழற்றுவார்கள். ஏறத்தாழ 16 இலட்சத்து 80 ஆயிரம் வளைவுகள். இறப்பர்க் குழாய்கள் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. முந்திய காலத்து உருக்குப் பின்னல் குழாய்கள் பல இதைத் தாண்டவில்லை. "வீதிப் பாவனைக்கு அல்ல" என்ற குறிப்போடு விற்கப்பட்டன. மூட்டருகே வளைவைப் பரவலாக்கும் தாங்கி சேர்த்த பிறகே நல்ல தயாரிப்புகள் தேறின. பெரும்பாலான கார் உற்பத்தியாளர்கள் இன்றும் இறப்பரையே பொருத்தி அனுப்புவதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. எவரும் குனிந்து பார்க்காத காரிலும் அது பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதும் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், உருக்குக் குழாய் காலுக்குத் தரும் தெளிவை, கண்ணின் உழைப்பாகத் திருப்பிக் கேட்கிறது. பார்ப்பவனுக்கு அது நல்ல குழாய். பூட்டிவிட்டு மறப்பவனுக்கு இறப்பரே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜேர்மனியில் பிரேக் குழாயை மாற்றுவது வெறும் உதிரிப்பாகம் மாற்றுவது அல்ல. அந்தக் காருக்குப் பொருந்தும் என்று அங்கீகரிக்கும் "ஆ-பே-ஏ" என்ற பொது அனுமதிப் பத்திரத்தோடு வரும் உருக்குக் குழாய்களையே வாங்க வேண்டும். அத்தகைய பத்திரம் இல்லையென்றால் பரிசோதகரிடம் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் நூர்பேர்க்ரிங் சட்டப்படி ஒருவழிக் கட்டண வீதிதான்; வீதிச் சட்டம் அங்கும் பொருந்தும். வேறு நாடுகளில் இருப்பவர்கள் தம் நாட்டு விதியை முதலில் கேட்டறிய வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத குழாய்களும், வீட்டில் வெட்டி மூட்டுப் போடும் குழாய்களும் வேண்டாம். தொழிற்சாலையில் நெரித்துப் பொருத்திய மூட்டும், தயாரிப்பாளரின் அடையாளமும், தரக்குறியும் இருக்க வேண்டும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

நல்ல குழாயையும் மோசமான கை கெடுத்துவிடும். கராஜில் விடுவதென்றாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

குழாய் முறுகாமல் பூட்டப்பட வேண்டும். இறப்பர்க் குழாயின் நீளவாக்கில் கோடு போட்டிருப்பது அழகுக்கு அல்ல. கோடு சுற்றிக்கொண்டு போனால் குழாய் முறுகிவிட்டது என்று அர்த்தம். மூட்டின் செப்பு வளையங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஸ்ரியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பியும், காரைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டும், குழாய் இழுபடுகிறதா, எதிலாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். உருக்குப் பின்னல் உரசினால் தான் தேய்வதோடு, பக்கத்தில் உள்ள வயரையும் ரயரையும் அறுத்துவிடும்.

கலிப்பரைக் கழற்றினால் அதைக் குழாயில் தொங்கவிடக்கூடாது. கம்பியால் கட்டித் தூக்கி வைக்க வேண்டும். ஒயில் சிந்தாமல் இருக்கக் குறட்டால் குழாயை நெரிக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. இறப்பரின் உட்சுவர் அங்கேதான் உரியத் தொடங்கும். உருக்குக் குழாயை ஒருபோதும் நெரிக்கக்கூடாது. கடைசியில் காற்றை முழுமையாக எடுத்து, நின்ற இடத்தில் பெடலைப் பலமாக மிதித்து, ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பார்த்த பிறகே வீதிக்கு எடுக்க வேண்டும்.

எங்கள் ஊர் வாகனங்களுக்கு

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களையே ஓட்டினோம். விலை காரணமாக இன்றும் பலர் அவற்றையே ஓட்டுகிறார்கள். இருபது வயது தாண்டிய வான்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சினுக்கு ஒயில் மாற்றுகிறோம், ரயர் மாற்றுகிறோம். பிரேக் குழாயைக் குனிந்து பார்ப்பவர் குறைவு.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரையும் ஏ-40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். கிடைத்ததைக் கொண்டு ஓடவைக்கும் திறமை எங்களைக் காப்பாற்றியது. எஞ்சின் மாற்று எண்ணெயை மன்னித்தது. பிரேக் மன்னிக்காது. பிரேக் ஒயில் குறைந்தால் எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்ரியரிங் ஒயிலையோ ஊற்றினால், குழாயிலும் வாஷர்களிலும் உள்ள இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். எந்த டொட் இலக்கம் என்று மூடியில் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

இந்த வாகனங்களுக்கு உருக்குக் குழாய் தேவையில்லை. நல்ல புதிய இறப்பர்க் குழாயே போதும். பத்து ஆண்டு கடந்த குழாயை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுவதே என் ஆலோசனை.

இரண்டு பதில்கள்

பெறாமகனின் காரில் இருந்த குழாய்கள் கார் பிறந்த நாளில் பூட்டியவை. இறப்பரோ உருக்கோ, அவற்றை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அவன் பாதையில் ஓடப்போகிறவன், சில்லைக் கழற்றிப் பார்க்கப் பஞ்சிப்படாதவன். அதனால் அனுமதிப் பத்திரம் உள்ள உருக்குக் குழாயைப் போடச் சொன்னேன். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறை பாதைக்குப் போக முன்னரும் வந்த பின்னரும், நான்கு குழாயையும் மூட்டிலிருந்து மூட்டு வரை கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்று கார் ஓடக்கூடாது. வீட்டுக்கும் வேலைக்கும் மட்டும் ஓடுவதென்றால் புதிய இறப்பரையே போடச் சொல்லியிருப்பேன்.

அண்ணியிடம் சொன்னேன்: "மாத்திறதில ஆபத்தில்லை அண்ணி. மாத்தாமல் போயிருந்தால்தான் ஆபத்து." பிறகு அவர்கள் வீட்டு வானைப் பற்றிக் கேட்டேன். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போய்வருகிறார்கள். "வாங்கின நாள் தொட்டு பிரேக் பைப் ஒண்டும் மாத்தேல்லை" என்றார்.

அடுத்த சனிக்கிழமை போய் முன்சில்லுகளைக் கழற்றினேன். இடப்பக்கக் குழாயை வளைத்தபோது வெடிப்புகளுக்குள் நூல் தெரிந்தது.